நூற்றுக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள்? அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களின் அனுமதி விகிதமும் கல்வித் தரமும்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் சுமார் 9 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேருக்குக் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஆட்சிக் குழு ஒன்றே. பேராசிரியர் நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றின் அடிப்படை விதிகளும் ஒன்றே. மெர்செட் 2005-ல் முதல் இளநிலை மாணவர்களைச் சேர்த்த இளம் வளாகம். 2025-ல், அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களைத் தரம் பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டில் ஆய்வுக்கான உச்சப் படிநிலையான ஆர்1 பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

பத்து மடங்கு வித்தியாசம். கல்வியின் தரத்திலும் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது என்று நேராகக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் வீடுகளில் பட்டியல் போடும்போது முதல் வரிசையில் வந்து உட்காருவது இந்த எண்தான். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்ல காலேஜ், 50 என்றால் பரவாயில்லை, 85 என்றால் வேறு வழியில்லாதவர்கள் போகும் இடம். இந்தக் கணக்கில் நிறையப் பணமும் நிறையப் பிள்ளைகளின் தன்னம்பிக்கையும் வீணாகப் போகின்றன என்பது என் உறுதியான எண்ணம். தனியார் பல்கலைக்கழகங்களை விட்டுவிடுவோம், அது வேறு கதை. அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, இந்த எண்ணைத் தீர்மானிப்பவற்றில் பெரும்பாலானவை வகுப்பறைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீழே இருக்கும் எண்

அனுமதி விகிதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இடம் கொடுக்கப்பட்டவர்கள், கீழே விண்ணப்பித்தவர்கள். கீழே உள்ள எண் பெருகினால் விகிதம் தானாகவே சரியும். அதற்குப் பல்கலைக்கழகம் எதையும் மேம்படுத்த வேண்டிய அவசியமில்லை.

யுசிஎல்ஏவுக்கு 2020-ல் முதலாண்டு விண்ணப்பங்கள் சுமார் 1,09,000 வந்தன. அந்த ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வான எஸ்ஏடியின் மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்த முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு அதைப் பார்ப்பதையே முழுவதுமாக விட்டது. 2022-ல் யுசிஎல்ஏவுக்கு வந்த விண்ணப்பங்கள் கிட்டத்தட்ட 1,50,000. அனுமதி விகிதம் 14 சதவீதத்திலிருந்து 9-க்கும் கீழே இறங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளில் பாடத்திட்டம் புரட்டிப் போடப்படவில்லை, பேராசிரியர்கள் கூண்டோடு மாறவில்லை. 2020-ல் சேர்ந்த மாணவரும் 2022-ல் சேர்ந்த மாணவரும் அதே வகுப்பறையில் அதே பாடத்தைத்தான் படித்தார்கள். எஸ்ஏடி மதிப்பெண் குறைவு என்று முன்பு தயங்கி நின்றவர்களும் இப்போது விண்ணப்பித்தார்கள், அவ்வளவுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி ஒரு சரிவு அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே நடந்தது. 2010-ல் அது காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்தில் சேர்ந்தது. மாணவர்கள் ஒரே படிவத்தை நிரப்பிப் பல கல்லூரிகளுக்கு அனுப்பும் வசதி அது. அதுவரை பாதிப் பேருக்கு இடம் கொடுத்துவந்த மிச்சிகனின் விகிதம் ஒரே ஆண்டில் சுமார் 40 சதவீதமானது. இன்று அது 20-க்கும் கீழே. மிச்சிகன் 2010-லும் உலகின் தலைசிறந்த ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றாகத்தான் இருந்தது. இன்று யாராவது "16 சதவீதம், அதனால்தான் அது பெரிய யுனிவர்சிட்டி" என்று சொன்னால், பாதிப் பேருக்கு இடம் கொடுத்த காலத்தில் அங்கே படித்துவிட்டு வந்த ஆயிரக்கணக்கானவர்களை என்ன சொல்வது?

காமன் ஆப் 1975-ல் 15 தனியார் கல்லூரிகளோடு தொடங்கியது. அரசுக் கல்லூரிகள் 2001-லிருந்துதான் அதில் சேர ஆரம்பித்தன. இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உள்ளன. அதைப் பயன்படுத்தும் மாணவர் ஒருவர் சராசரியாக ஆறு இடங்களுக்காவது விண்ணப்பிக்கிறார். மாணவர் எண்ணிக்கை அதே அளவில் இருந்து, ஒவ்வொருவரும் மூன்றுக்குப் பதில் ஆறு விண்ணப்பம் போட்டால், எல்லாக் கல்லூரிகளும் திடீரென்று "கடினமாகி" விட்டதாகத் தோன்றும். பொருளாதார அறிஞர் கேரலைன் ஹாக்ஸ்பி 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 1962-லிருந்து நடந்த மாற்றத்தை அளந்தார். மாணவர்களின் கல்வித் தகுதியை வைத்துப் பார்த்தால், உச்சியில் உள்ள பத்தில் ஒரு பங்குக் கல்லூரிகளில் மட்டுமே போட்டி கூடியிருந்தது. பாதிக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இடம் கிடைப்பது 1962-ஐ விட எளிதாகியிருந்தது. செய்திகளில் நாம் படிப்பது அந்த உச்சிப் பத்தைப் பற்றி மட்டும்தான்.

கால்பந்து அணி ஜெயித்தால் விண்ணப்பம் கூடுவதும் உண்டு. எஸ்ஏடி எழுதும் மாணவர்களின் பெயர், முகவரிகளை விலை கொடுத்து வாங்கி, விண்ணப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பும் வழக்கம் அரசுப் பல்கலைக்கழகங்களிடமும் இருக்கிறது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநில அரசுகள் நிதியைக் குறைத்தபோது, கூடுதல் கட்டணம் கட்டும் வெளி மாநில மாணவர்களைத் தேடி இவை நாடு முழுவதும் ஆள் அனுப்பின. அலபாமா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தவர்கள். இத்தனை முயற்சியும் வகுத்தல் கணக்கின் கீழ்ப்பகுதியைத்தான் பெருக்குகிறது.

மேலே உள்ள எண்ணும் அப்படி ஒன்றும் சுத்தமானது இல்லை. இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே வந்து சேருவார்கள் என்பதைக் கணித்துத்தான் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கடிதம் அனுப்புகிறது. 5,000 இடம் நிரம்ப, இருவரில் ஒருவர் வருவார் என்றால் 10,000 கடிதம் போதும். நால்வரில் ஒருவர்தான் வருவார் என்றால் 20,000 வேண்டும். வகுப்பறை அதே அளவுதான், விண்ணப்பங்களும் அதே அளவுதான், ஆனால் அனுமதி விகிதம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

சட்டமன்றம் எழுதிய விகிதங்கள்

அரசுப் பல்கலைக்கழகத்தை அதன் மாநிலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. யாரை எடுக்க வேண்டும், எத்தனை பேரை எடுக்கலாம் என்பதைப் பல இடங்களில் மாநிலமே எழுதி வைத்திருக்கிறது.

டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் வந்த சட்டப்படி, மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் வகுப்பின் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் தாங்கவில்லை என்று 2009-ல் அதைத் திருத்தினார்கள். மாநில மாணவர்களுக்கான இடங்களில் நான்கில் மூன்று பங்கு வரைதான் இந்த வழியில் நிரப்ப வேண்டும் என்றானது. அதனால் ஆஸ்டினுக்கான எல்லை பத்திலிருந்து ஆறாகி, இப்போது ஐந்துக்கு வந்திருக்கிறது. 2023-ல் ஆஸ்டினின் மொத்த அனுமதி விகிதம் 30 சதவீதத்தை ஒட்டி என்று ஒரு எண் வந்ததே, அது யாருடைய வாய்ப்பு? ஒரு சிற்றூர்ப் பள்ளியில் முதல் மாணவியாக வந்தவருக்கு வாய்ப்பு 100 சதவீதம். தானாகக் கிடைக்கும் எல்லைக்கு வெளியே இருக்கும் டெக்சாஸ் மாணவருக்கும் வெளி மாநில மாணவருக்கும் அது மிகக் குறைவு. 30 சதவீத வாய்ப்போடு விண்ணப்பித்த மாணவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பதே கடினம்.

வட கரோலினாவில் 1986-லிருந்தே வெளி மாநிலத்தவருக்கு ஒரு வரம்பு. சேப்பல் ஹில் வளாகத்தின் முதலாண்டு வகுப்பில் 18 சதவீதத்துக்கு மேல் அவர்கள் இருக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அதன் விளைவாக, மாநில மாணவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இடம் கிடைக்கும் அதே வளாகத்தில், வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைப்பதில்லை. உள்ளே போனபின் எல்லோரும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறார்கள்.

அயோவாவில் நிலைமை நேர் எதிர். அங்குள்ள மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களும் மாணவரின் மதிப்பெண்ணையும் படித்த பாடங்களையும் சேர்த்து ஒரு குறியீடு கணக்கிடுகின்றன. அது 245-ஐத் தொட்டால் இடம் உறுதி. வாய்ப்பாடு வெளிப்படையாக இருப்பதால், தகுதி இல்லாதவர்கள் பெரும்பாலும் விண்ணப்பிப்பதே இல்லை. விளைவு, அயோவா பல்கலைக்கழகத்தின் அனுமதி விகிதம் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஒளிவுமறைவு இல்லாத ஒரு முறைக்கு, தரவரிசை ஆர்வலர்கள் கொடுக்கும் தண்டனை இது.

ஐடஹோ இன்னும் ஒரு படி மேலே போனது. 2015-லிருந்து உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு, அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே "உங்களுக்கு இடம் இருக்கிறது" என்று மாநிலம் கடிதம் அனுப்பத் தொடங்கியது. கல்லூரியே வேண்டாம் என்று இருந்த பல பிள்ளைகள் அதைப் பார்த்துச் சேர்ந்தார்கள். மினசோட்டா உள்பட வேறு மாநிலங்களும் இதைப் பின்பற்றத் தொடங்கியுள்ளன. கேட்காமலே இடம் கொடுக்கும் ஒரு முறையில் அனுமதி விகிதம் என்ற கணக்கு எதற்கு உதவும்?

மெர்செட்டின் 90 சதவீதத்துக்கும் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1960-ல் கிளார்க் கெர் தலைமையில் உருவான உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி முடிக்கும் மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எல்லோருக்கும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி என்று பிரித்தது. இன்றைக்கும் மாநிலத்தின் முதல் 9 சதவீதத்தில் வரும் மாணவருக்கு, அவர் கேட்ட வளாகங்களில் இடம் கிடைக்காவிட்டாலும், வேறு ஏதாவது ஒரு வளாகம் கதவைத் திறக்க முயல்கிறது. பெரும்பாலும் அந்த வளாகம் மெர்செட். அதாவது, அந்த 90 சதவீத விகிதத்துக்குள் மாநிலத்தின் மிக நல்ல மாணவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே வளாகம், பல வாசல்கள்

மொத்த விகிதம் மறைக்கும் இன்னொரு பெரிய விஷயம் துறை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகம் மொத்தத்தில் 40 சதவீதத்தை ஒட்டிய அளவில் இடம் கொடுக்கிறது. அங்கேயே கணினி அறிவியலுக்கு மட்டும் விண்ணப்பித்தவர்களைப் பார்த்தால் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 1993-ல் மொசைக் என்ற இணைய உலாவி உருவான இடம் அது. இயற்பியல் நோபல் பரிசை 1956, 1972 என இரண்டு முறை வென்ற ஒரே மனிதரான ஜான் பார்டீன் பல பத்தாண்டுகள் பாடம் நடத்திய இடம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் இதே நிலைமை. கணினி அறிவியலுக்கு வெளி மாநிலத்திலிருந்து விண்ணப்பிப்பவர் மொத்த விகிதத்தை நம்பினால் ஏமாந்துபோவார்.

சரி, துறை வாரியாக எடுத்த விகிதமாவது தரத்தைக் காட்டுமா? அதுவும் இல்லை. கணினி அறிவியலுக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் வேலைச் சந்தை. அதே வளாகத்தில் கணிதமும் வேதியியலும் உலகத் தரத்தில் இருந்தும் போட்டி குறைவு, ஏனென்றால் கூட்டம் அங்கே போகவில்லை. சில இடங்களில் கூட்டமே தரத்தைப் பாதிக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணினி அறிவியல் அறிமுக வகுப்பில் ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்திருக்கிறார்கள். பேராசிரியரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று நினைக்கும் மாணவருக்குக் குறைந்த அனுமதி விகிதம் ஒரு சாதகமான செய்தி இல்லை.

அப்புறம் டிரான்ஸ்ஃபர் வாசல். முதலாண்டில் 9 சதவீதம் பேருக்கு மட்டும் இடம் தரும் யுசிஎல்ஏ, இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு மூன்றாமாண்டில் சேர விண்ணப்பிப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இடம் தருகிறது. முதலாண்டில் இருவருக்கு இடம் என்றால் டிரான்ஸ்ஃபரில் ஒருவருக்கு என்பது அந்தப் பல்கலைக்கழக அமைப்பு வைத்திருக்கும் இலக்கு. பட்டச் சான்றிதழில் எந்த வாசல் வழியாக வந்தார் என்று எழுதுவதில்லை. இந்த வழியில் போவதைக் கௌரவக் குறைச்சலாகப் பார்க்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். இரண்டு ஆண்டுக் கட்டணம் பெருமளவு மிச்சமாகி, அதே பேராசிரியர்களிடம் படித்து, அதே பட்டத்தோடு வெளியே வரும் பாதை அது.

முதுநிலைப் படிப்புக்கு அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. இணையத்தில் தேடினால் வரும் அனுமதி விகிதம் இளநிலை முதலாண்டுக்கானது. எம்எஸ், பிஎச்டி சேர்க்கையை அந்தந்தத் துறை தனியாக முடிவு செய்கிறது. அதை இந்த எண்ணை வைத்து எடைபோடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

எல்லோரையும் சேர்க்கும் இடங்களில் என்ன நடக்கிறது

அரிசோனா பல்கலைக்கழகத்தின் அனுமதி விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல். டூசான் நகரில் அதன் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒரு கண்ணாடி ஆய்வகம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளுக்கான 8.4 மீட்டர் விட்டமுள்ள ஆடிகளை அங்கேதான் வார்த்து மெருகேற்றுகிறார்கள். பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் எடுத்து 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்குக் கொண்டுவந்த நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் திட்டத்தின் அறிவியல் தலைமையும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான். கோள் அறிவியல் படிக்க விரும்பும் ஒரு மாணவி, 80 சதவீதம் என்பதைப் பார்த்து இதைப் பட்டியலிலிருந்து அடித்தால், நாட்டின் தலைசிறந்த இடங்களில் ஒன்றை அடித்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

அயோவா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வான் ஆலன் இருந்தார். பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களை 1958-ல் கண்டறிந்தவர். 1936-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை அமெரிக்க இலக்கியத்தையே பாதித்த ஒன்று. கொலராடோவின் போல்டர் வளாகமும் பெரும்பாலானோருக்கு இடம் கொடுப்பதுதான். வேதியியலில் 1989-லும் இயற்பியலில் 2001-லும் அங்கே பணியாற்றியவர்கள் நோபல் வாங்கினார்கள்.

ஆசிரியர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எங்கே முனைவர் பட்டம் பெற்றார்கள் என்பதை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் நேச்சர் இதழில் வந்தது. அமெரிக்காவில் பயின்ற ஆசிரியர்களில் 80 சதவீதம் பேர் சுமார் 20 சதவீதப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள். எட்டில் ஒருவர் வெறும் ஐந்து இடங்களிலிருந்து வந்தவர். அந்த ஐந்தில் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் இருப்பதில் ஆச்சரியமில்லை. மற்ற மூன்றும் அரசுப் பல்கலைக்கழகங்கள்: பெர்க்லி, மிச்சிகன், விஸ்கான்சின்-மேடிசன். மேடிசன் இன்றைக்கும் இளநிலையில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இடம் கொடுக்கிறது. அந்த ஐந்து இடங்களில் படித்தவர்கள் நாடு முழுவதும் பரவி, 70, 80 சதவீதம் பேரைச் சேர்க்கும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் பாடம் நடத்துகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. தொலைநோக்கி ஆடி வார்ப்பது முதலாண்டு மாணவருக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுக்காது. ஆய்வுப் புகழ் வேறு, இளநிலைக் கல்வி வேறு. அனுமதி விகிதம் குறைந்த இடங்களில் பட்டம் முடிப்பவர்கள் அதிகம் என்பதும் உண்மை. யுசிஎல்ஏவில் சேருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்குகிறார்கள். அனுமதி விகிதம் உயர்ந்த பல இடங்களில் அது எழுபதை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. அருகில் உட்கார்ந்து படிக்கும் மாணவர்களும் கல்வியின் ஒரு பகுதிதான்.

ஆனால் அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பல்கலைக்கழகத்தின் வேலை, எவ்வளவு உள்ளே வந்த மாணவரின் முன்தயாரிப்பு? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகள் சில இருக்கின்றன. பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-ல் ஒரு புத்திசாலித்தனமான ஒப்பீடு செய்தார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடங்களும் கிடைத்த மாணவர்களில், கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவர்களையும் அதைவிட எளிதான கல்லூரிக்குப் போனவர்களையும் எடுத்துப் பிற்காலச் சம்பளத்தைப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு வித்தியாசமே இல்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் தெரிந்தது.

மார்க் ஹோக்ஸ்ட்ரா 2009-ல் வேறு முடிவுக்கு வந்தார். ஒரு மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் எல்லையை நூலிழையில் தாண்டி இடம் பெற்றவர்களையும், நூலிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார். அங்கே படித்த வெள்ளை ஆண்களின் சம்பளம் சுமார் 20 சதவீதம் அதிகமாக இருந்தது. அப்படியானால் கடினமான இடம் நல்ல இடம் என்று ஆகிறதே என்று தோன்றும். 2014-ல் சேத் சிம்மர்மன் செய்த ஆய்வை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் போட்டி மிகக் குறைவான ஃபுளோரிடா இன்டர்நேஷனலின் எல்லையை எடுத்து அவர் அதே ஒப்பீட்டைச் செய்தார். நூலிழையில் உள்ளே போனவர்கள், தவறவிட்டவர்களை விடச் சுமார் 22 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். மாநிலத்திலேயே எளிதாக இடம் கிடைக்கும் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு ஏற்படுத்திய மாற்றமும் முதன்மைப் பல்கலைக்கழகம் ஏற்படுத்திய மாற்றமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அந்த மாற்றத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. நான்காண்டுப் பட்டம், ஆசிரியர்கள், வசதிகள், வழிகாட்டல் இவைதான் காரணமாக இருக்க முடியும்.

அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 2003 நிலவரப்படி, அங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் மூன்றில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் மாணவர்களைப் பொறுக்கி எடுத்து இதைச் சரிசெய்திருக்கலாம், அது எளிய வழி. அதைச் செய்யவில்லை. எந்த மாணவர் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார் என்பதைத் தரவுகளை வைத்து உடனுக்குடன் கண்டுபிடித்து, ஆலோசகர்களைக் கொண்டு அவரை அழைத்துப் பேசினார்கள். சில நூறு டாலர் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களுக்கு அந்தத் தொகையைத் தாங்களே கொடுத்தார்கள். பட்டம் முடிப்போர் விகிதம் பாதிக்கு மேல் ஏறியது. கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் மற்றவர்களுக்கு இணையாக முடிக்கத் தொடங்கினார்கள். கல்வித் தரம் என்ற சொல்லை இங்கே பயன்படுத்தாமல் வேறு எங்கே பயன்படுத்துவது? அனுமதி விகிதத்தில் இதில் ஒரு துளிகூடத் தெரியாது.

எதற்காகக் கட்டப்பட்டவை

1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, விவசாயிகளின், தொழிலாளிகளின் பிள்ளைகளும் படிக்கும் கல்லூரிகளைக் கட்டச் சொன்னது. அமெரிக்காவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வேர் அதில்தான். சேர்ப்பதற்காகக் கட்டப்பட்ட நிறுவனங்களை, எத்தனை பேரை விரட்டுகின்றன என்று அளப்பது அவற்றின் நோக்கத்துக்கே எதிரானது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இதைத் தன் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. யாரை விலக்குகிறோம் என்பதை வைத்து எங்களை அளக்காதீர்கள், யாரைச் சேர்க்கிறோம், அவர்கள் எப்படி வெற்றி பெறுகிறார்கள் என்பதை வைத்து அளந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சுமார் 90 சதவீதம் பேரைச் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பல்கலைக்கழகத்தை, அமெரிக்காவின் முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2023-ல் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் வரும் யுஎஸ் நியூஸ் தரவரிசையே இந்த எண்ணைக் கைவிட்டுவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 2018-ல் அது அனுமதி விகிதத்தைத் தன் கணக்கிலிருந்து எடுத்தது. அதற்கு முன்பும் அதன் எடை வெறும் 1.25 சதவீதம்தான்.

ஆனால் குடும்பங்கள் கைவிடவில்லை. அதன் விலையைப் பணத்தில் கட்டுகிறார்கள். வெளி மாநில மாணவர்களிடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் அதிகமாக வாங்குகிறது. மிச்சிகனில் வெளி மாநிலத்தவருக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 55,000 டாலரைத் தாண்டும். சொந்த மாநிலத்தில் இதில் ஒரு பகுதிக் கட்டணத்தில் நல்ல பொறியியல் துறை இருக்க, "அங்கே எல்லோரையும் எடுத்துக்கொள்கிறார்கள்" என்ற ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் போகும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. இரண்டு இடங்களிலும் பொறியியல் படிப்புக்கு, அத்தகைய படிப்புகளை மதிப்பிடும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் இருந்தால், இரண்டும் அதே அடிப்படை அளவுகோலைத் தாண்டியவைதான்.

அனுமதி விகிதத்தை ஒரே ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எங்கே இடம் உறுதி, எங்கே சந்தேகம் என்று திட்டம் போட அது உதவும். அதற்கும் மொத்த எண்ணை எடுக்காமல், உங்கள் மாநிலம், உங்கள் துறை, முதலாண்டா டிரான்ஸ்ஃபரா என்று பிரித்த எண்ணைத் தேடுங்கள்.

தரத்தைப் பார்க்க வேறு எண்கள் இருக்கின்றன, அவை இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஒரே வடிவ அறிக்கையை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்துத் தேடினால் வந்துவிடும். எல்லோரும் நேராக சி பகுதிக்குப் போவார்கள், அனுமதி விவரம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் பி பகுதியைத் திறந்து, முதலாண்டு முடிந்து எத்தனை பேர் இரண்டாமாண்டுக்குத் திரும்பி வந்தார்கள், ஆறு ஆண்டுகளில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பாருங்கள். அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் வாங்கும் மாணவர்கள் எவ்வளவு பேர் முடித்தார்கள் என்பதும் அதிலேயே தனியாக இருக்கும். அந்த எண்ணும் மொத்த எண்ணும் நெருக்கமாக இருந்தால், தடுமாறும் மாணவரைக் கைவிடாத இடம் என்பதற்கு அது நல்ல அடையாளம். ஐ பகுதியில் வகுப்புகளின் அளவு இருக்கும், 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் எத்தனை, 100 பேருக்கு மேல் எத்தனை என்று. அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில், உங்கள் பிள்ளை படிக்க நினைக்கும் துறையில் பட்டம் பெற்றவர்களின் வருமானமும் கடனும் துறை வாரியாகவே கிடைக்கும். இவற்றில் விடை கிடைக்காத ஒரு கேள்வி உண்டு. இந்தத் துறையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இதே துறையில் பட்டம் வாங்கினார்கள், மற்றவர்கள் ஏன் மாறினார்கள் என்பது. அதைத் துறை அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.